கேஷுவாலிட்டியில் கேட்கும் முதல் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். நான் பெங்களூரில் கேஷுவாலிட்டி டாக்டர். கோரமங்களா, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கும் நம் பிள்ளைகளை மனதில் வைத்துப் பேசுகிறேன்.

'ஸ்டாம்ப்' (எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் தடவிய சிறு அட்டைத் துண்டு) போட்டவரைத் தூக்கி வரும் நண்பர்கள், "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போலீஸ் பயம். வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி உட்கொள்வதும் குற்றம்தான். ஆனால் உயிருக்குப் போராடுபவருக்குச் சட்ட நடைமுறை பார்க்காமல் முதலில் சிகிச்சை கொடு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அதனால் என்ன போட்டார், எப்போது, கூட வேறென்ன மாத்திரை என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

வெறும் எல்.எஸ்.டி. என்றால் பெரும்பாலும் மங்கலான விளக்கு, நிதானமாகப் பேச ஒரு ஆள், தேவைப்பட்டால் லோராசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து போதும். 8 முதல் 12 மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் அதே அட்டைத் துண்டில் என்-பாம் என்ற செயற்கைச் சரக்கையும் தடவி விற்கிறார்கள். அதில் வலிப்பு வரும், உயிரும் போயிருக்கிறது.

படுத்திருப்பவரின் பாதத்தைச் சட்டென்று மேலே மடக்கிப் பிடிப்பேன். பாதம் தானாகத் துடித்துக்கொண்டே இருந்தால், செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் எகிறியிருக்கிறதோ என்ற சந்தேகம் வரும். மனச்சோர்வு மாத்திரையோ டிரமடால் என்ற வலி மாத்திரையோ சாப்பிடுகிறவர் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளைப் போட்டால் இப்படி ஆகலாம். அப்போது உடம்பும் கொதிக்கும். அந்தச் சூடு காய்ச்சல் அல்ல, தசை ஓயாமல் இறுகுவதால் வருவது. பாராசிட்டமால் அதற்குக் கேட்காது. ஐஸ், ஈரத்துணி, ஃபேன், தசையைத் தளர்த்தும் ஊசி. 41 டிகிரி செல்சியஸ் தாண்டினால் மயக்கம் கொடுத்து வென்டிலேட்டர்.

இதனால்தான் ஆளைக் கட்டிப்போடாதீர்கள் என்கிறேன். திமிறத் திமிறச் சூடு ஏறும். பால்கனிக் கதவைச் சாத்துங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்புறம், போதை இறங்கட்டும் என்று கொடுக்கும் அந்த எலுமிச்சம்பழச் சாறு! நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். யார் கிளப்பிவிட்ட வைத்தியமோ.

போதைக்காகக் காட்டுக் காளான் தின்று 6 மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி பேதி தொடங்கினால் அது கல்லீரலைக் கெடுக்கும் காளானாக இருக்கலாம். நடுவில் ஒரு நாள் தேறியதுபோல் தெரியும். அதை நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

போதை இறங்கிய பிறகும் தூக்கமில்லை, பயம் விடவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலும் பேசலாம்.