புழுத்துளை வழியாக 2031-க்குத் திரும்பலாமா?

வணக்கம் நண்பர்களே. புழுத்துளை என்பது வெளியில் தொலைவிலுள்ள இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குச் சுரங்கம். அதை விளக்கத் தாளை மடித்துப் பென்சிலால் குத்திக் காட்டும் வித்தை இன்று கிடையாது. எத்தனையோ சேனல்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் புழுத்துளை எப்படிக் கால இயந்திரம் ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். நேராக அங்கே போய்விடலாம்.

முன்கதை கொஞ்சம். 1935-இல் ஐன்ஸ்டீனும் நேதன் ரோசனும் பொதுச் சார்பியலின் (ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடு) சமன்பாடுகளுக்குள் இப்படி ஒரு பாலத்தைக் கண்டார்கள். 1962-இல் ஜான் வீலரும் ராபர்ட் ஃபுல்லரும் கணக்குப் போட்டதில், ஒளிகூடக் கடப்பதற்குள் அது அறுந்துவிடும் என்று தெரிந்தது. பிறகு வானியலாளர் கார்ல் சேகன் தன் நாவலுக்காக இயற்பியலாளர் கிப் தோர்னிடம் யோசனை கேட்க, விஷயம் மறுபடி சூடுபிடித்தது. துளை மூடாமலிருக்க உள்ளே எதிர்மறை ஆற்றலை (ஈர்க்காமல் விலக்கித் தள்ளும் ஆற்றல்) முட்டுக்கொடுக்க வேண்டும் என்று 1988-இல் மோரிசும் தோர்னும் எழுதினார்கள். அப்படி ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

துளைக்கு இரண்டு வாய். ஒன்று பூமியில் இருக்கட்டும். மற்றதை 2030-இல் விண்கலத்தில் ஏற்றி, ஒளிவேகத்தில் 99.5 சதவீத வேகத்தில் சுற்றவிட்டு 2040-இல் திரும்பக் கொண்டுவருகிறோம். நமக்குப் பத்து ஆண்டுகள். வேகமாக ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்பதால், அந்த வாய்க்கு ஏறக்குறைய ஓராண்டுதான். அதன் கடிகாரம் 2031 என்று காட்டும். வெளியே எப்படியிருந்தாலும், துளையின் உட்புறமாகப் பார்த்தால் இரண்டு வாய்களின் கடிகாரமும் ஒத்தே ஓடும். ஆகவே 2040-இல் திரும்பி வந்த வாய்க்குள் நுழைகிறவர், பூமியிலிருக்கும் வாய் வழியாக 2031-இல் வெளியே வருவார்!

ஆனால் தாத்தாவின் கல்யாணத்துக்குப் போக முடியாது. துளை உண்டாவதற்கு முந்தைய காலத்தில் வெளியே வருவதற்கு வாசலே இல்லையே.

இயற்பியல் இதை அனுமதிக்காது என்பது ஸ்டீபன் ஹாக்கிங்கின் கருத்து. வெற்றிடத்தின் குவாண்டம் சலனங்கள் (வெற்றிடத்திலும் ஓயாமல் எழுந்தடங்கும் நுண்ணிய ஆற்றல் அலைவுகள்) துளைக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, கால இயந்திரம் ஆகும் கணத்திலேயே அதை அழித்துவிடும் என்று 1992-இல் வாதிட்டார். எனக்கு வலுவாகப் படுவது இந்த வாதம்தான்.

2009-இல் கேம்பிரிட்ஜில் அவர் காலப் பயணிகளுக்கு விருந்து வைத்து, அது முடிந்த பிறகே அழைப்பிதழை வெளியிட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் வரவில்லை. நல்ல வேடிக்கை; சாட்சியம் என்று நான் ஏற்க மாட்டேன். அன்று பூமியில் எந்தத் துளையும் திறந்திருக்கவில்லை என்றால், விருந்தாளி எந்த வழியாக உள்ளே வந்திருப்பார்? மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள்.