வீடியோவை அனுப்பிவிட்டால் போதுமா?

(முதியோர் தினத்தையொட்டி ஓய்வூதியர் சங்கக் கூட்டம் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘வீட்டிலிருந்தே உடற்பயிற்சி’ என்ற தலைப்பைச் சங்கத்தார் கொடுத்தார்கள். உங்கள் வாட்ஸ்அப்பில் இதற்கென்று ஏற்கெனவே ஏகப்பட்ட வீடியோ கிடக்கும். ‘முழங்கால் வலிக்கு மூன்றே நிமிடம்’ என்று பேரன் அனுப்பியிருப்பான், நீங்கள் அதை இன்னும் நாலு குரூப்புக்குத் தள்ளிவிட்டிருப்பீர்கள். செய்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

தள்ளாமை என்று சொல்கிறோமே, அதற்கு 2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரீடும் அவர் குழுவும் ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள். தானாக எடை குறைவது, எந்நேரமும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தள்ளாமை வந்துவிட்டது, ஒன்றிரண்டு இருந்தால் வந்துகொண்டிருக்கிறது. அந்த ஐந்தில் வயது இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பா ஒரு தடவை தடுமாறிவிட்டால் போதும். ‘நீங்க எழுந்திருக்காதீங்கப்பா, தண்ணி நான் கொண்டு வர்றேன்’. பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் நொடி இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தசை கரைந்திருந்தது. ‘பேசாமல் படுங்கள்’ என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

போனது திரும்பி வருமா? வரும். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டனில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். பத்துப் பேர்தான். ஆனால் முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்!

சரி, அங்கே பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். படி இறங்க முடியாமல் மாடி வீட்டில் இருக்கும் பாட்டிக்கு யார் நிற்பது? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் நியூசிலாந்திலிருந்து வந்தது. ஒடாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர் 1990-களில் ஒரு திட்டம் போட்டார்கள். கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டி மடக்குவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். அது போக நடை. இன்டர்நெட் தேவையில்லை, எல்லாம் அச்சடித்த கையேட்டில் இருந்தது.

முதல் ஆய்வில் எண்பது வயது தாண்டிய பெண்கள் இருந்தார்கள். பிசியோ முதல் இரண்டு மாதத்தில் நாலு முறை வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவ்வப்போது போன் மட்டும். இப்படி நடந்த நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 65 முதல் 97 வயது வரை 1016 பேர், கீழே விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. அதிகப் பலன் கிடைத்ததும் எண்பதைத் தாண்டியவர்களுக்குத்தான்.

அந்தப் போனில் பெரிய ரகசியம் எதுவும் பேசியிருக்க மாட்டார்கள். செய்தீர்களா, வலித்ததா, தலை சுற்றியதா, எடையைக் கொஞ்சம் கூட்டலாமா. அவ்வளவுதான் பேச்சு. மருந்து அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வீடியோவுக்கு உங்கள் கால் பலப்பட்டதும் தெரியாது, முட்டி வீங்கியதும் தெரியாது. போன மாதம் சிரமமாக இருந்த பயிற்சி இந்த மாதம் சுலபமாகிவிட்டால் அதற்கு மேல் அதனால் பலன் குறைவு. ஏற்றிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்கள் விஷயத்தில் நம் நாட்டுப் பாடம் ஒன்று உண்டு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்துச் செய்த ‘அட்டெண்ட்’ ஆய்வு, 2017-இல் வெளியானது. பிசியோக்கள் குறைவு, ஆகவே வீட்டு மனிதர் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து வீட்டில் தொடரச் சொல்வோம் என்பது யோசனை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற பக்கமும் பெறாத பக்கமும் ஒன்றுதான். இரண்டிலும் 47 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள், அல்லது பிறர் உதவியை நம்பி இருந்தார்கள்.

குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. சமையல், பள்ளிக்கூடம், மாமனாரின் குளியல் எல்லாவற்றையும் பார்க்கும் மருமகளிடம் சிகிச்சையையும் சேர்த்து ஒப்படைத்தால் அவர் எத்தனை நேரம்தான் ஒதுக்குவார்?

அமெரிக்காவில் 11 இடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், பக்கவாதத்தால் கை பலவீனமான 124 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள், பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 70 நிமிடம். அந்த அமர்வுகளில் பாதியில் பிசியோ நேரடியாக உடனிருந்தார், வீட்டில் இருந்தவர்களுக்கு வீடியோ வழியாக. வீட்டில் செய்தவர்களின் கையும் மற்றவர்களுடையதற்கு ஈடாகத் தேறியது. இதுவும் முன்னால் சொன்ன இந்திய ஆய்வும் வேறு வேறு வகை, நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதுதான். ஆனாலும் தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தாரா என்ற வித்தியாசம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

‘நான்தான் தினமும் நடக்கிறேனே’ என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். நடங்கள் ஐயா, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. விழாமல் இருக்க அது மட்டும் போதும் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019 அறிக்கையில், உடற்பயிற்சியால் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்று உறுதியாகச் சொன்னவர்கள், வெறும் நடையைப் பற்றி உறுதி சொல்லவில்லை. சமநிலைப் பயிற்சிக்குத்தான் பலமான ஆதாரம்.

வீடியோ காலில் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதிப் பேர் எனக்கு நெற்றியைக் காட்டுகிறீர்கள், மீதிப் பேர் ஃபேனைக் காட்டுகிறீர்கள். எனக்குப் பாதம் தெரிய வேண்டும். போனைத் தள்ளிச் சாய்த்து வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வேட்டி, சேலை கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். நிற்கும் பயிற்சி என்றால் வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும். நெஞ்சு வலித்தாலோ கண் இருட்டினாலோ ‘இன்னும் ரெண்டு தடவைதானே’ என்று தொடரக் கூடாது. நிற்கவே முடியாதவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள், உட்கார்ந்தபடி, படுத்தபடி செய்யவும் பயிற்சிகள் இருக்கின்றன.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டில் பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை கொண்டு வரும் சகோதரியிடம் கேளுங்கள். பிசியோ வந்தால், அடுத்து எப்போது வருவார், நடுவில் போனில் விசாரிப்பாரா என்றும் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கும் அதுதான் தேவை. மேடைக்குக் கீழே கைப்பிடி இல்லாத மர நாற்காலி இரண்டு போடச் சொல்லியிருக்கிறேன். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுவோம். 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12-க்குக் கீழே, பெண்கள் 10-க்குக் கீழே என்றால் விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு. முட்டி ஆபரேஷன் சமீபத்தில் செய்தவர்கள் உட்கார்ந்தே இருங்கள். மற்றவர்கள் வாங்க, முணுமுணுத்த ஐயா முதலில்.