ஆஸ்பத்திரி வாசனை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

9 வருடங்களுக்கு முன்னால், ஜனவரி மாதத்து மழை நாள் ஒன்றில், அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் போர்ட்லண்டில் ஒரு கார் ஷெட்டுக்குள் 11 பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் மடக்கு மேசை. மேசை மேல் லேபிள் ஒட்டாத பழுப்பு பாட்டில்கள். ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மார்க்கரால் ஓர் எண். எல்லாமே அவரவர் வீட்டு அடுப்பில் காய்ச்சி, அவரவர் வீட்டு அலமாரியில் நொதிக்கவைத்த பீர். 7 என்று எழுதியிருந்தது என்னுடையது.

அது நான் செய்த மூன்றாவது பீர். முதல் இரண்டையும் அலுவலக நண்பர்களுக்குக் கொடுத்திருந்தேன். எல்லோரும் ‘சூப்பர்’ என்றார்கள். ஒருவர் இன்னொரு பாட்டிலும் கேட்டு வாங்கிப் போனார். அந்தத் தெம்பில்தான் அங்கே போயிருந்தேன்.

எனக்கு எதிரே இருந்தவர் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். என் பாட்டிலைத் திறந்து, கண்ணாடித் தம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்றினார். உள்ளங்கையால் தம்ளரின் வாயை மூடி மெதுவாகச் சுழற்றினார். கையை எடுத்ததும் ஒரு தடவை, சற்று விட்டு இன்னொரு தடவை முகர்ந்தார். தாளில் என்னவோ எழுதினார். பிறகுதான் குடித்தார், அதுவும் ஒரே வாய். எல்லோரும் எழுதி முடித்ததும் என்னைப் பார்த்து, “சின்ன வயதில் உங்களுக்கு அடிபட்டால் வீட்டில் எதைப் போட்டுத் துடைப்பார்கள்?” என்று கேட்டார்.

டெட்டால் என்றேன்.

“அதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது முகர்ந்து பாருங்கள்.”

முகர்ந்தேன். மேலே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை. அதற்கு அடியில், முழங்கால் சிராய்ப்பில் பஞ்சு வைத்து ஒற்றும்போது வருமே, அதே வாசனை. மூன்று வாரமாக நானே குடித்துக்கொண்டிருந்த பீர் அது. ஒரு நாள்கூட எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் காரணம். எங்கள் ஊர்க் குடிநீரில் கிருமி வளராமல் இருக்க குளோரமின் இருக்கிறது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது அது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெறும் குளோரின் கொதிக்கும்போது போய்விடும், இது லேசில் போகாது. மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து வரும் ஃபீனால் என்ற பொருளோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும். 100 கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். டெட்டாலில் கிருமியைக் கொல்லும் பொருளான குளோரோசைலினாலும் இதே குடும்பம்தான். என் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதற்குப் பெயர் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

வைத்தியம் மிகச் சுலபம். கேம்டன் மாத்திரை என்று விற்கிறார்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், நாம் பழ ஸ்குவாஷ் கெடாமல் இருக்கப் போடுகிறோமே, அதே பொருள். ஒரு மாத்திரை ஏறக்குறைய 75 லிட்டர் தண்ணீருக்குப் போதும். வீட்டில் ஒரு தடவை காய்ச்சுவது பெரும்பாலும் 19 லிட்டர் என்பதால் கால் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் வேலை முடிந்தது. சில காசு பெறுமானம். என் முதல் இரண்டு பீரிலும் அதே தண்ணீர்தானே? அந்த வாசனையும் இருந்திருக்கத்தான் வேண்டும். ‘சூப்பர்’ என்று சொன்ன எவருக்கும் என்மேல் பிரியம் குறைவில்லை. ஆனால் அந்தப் பிரியத்தால் என் பீர் ஒரு படிகூட மேலே ஏறவில்லை.

இதை வானொலியில் பேசுவதா என்று சில நேயர்களுக்குத் தோன்றும். நியாயம்தான். குடி கெடுத்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் உறவிலும் உண்டு. அதனால்தான் அந்த மேசையின் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 21 வயது ஆகாதவருக்கு இடமில்லை. ஒரு பாட்டிலிலிருந்து ஒருவருக்குக் கிடைப்பது 60 மில்லி. வண்டி ஓட்டுபவர் முகர்ந்து, ஒரு வாய் சுவைத்துத் துப்பிவிடுவார், அதற்கென்றே ஒரு வாளி உண்டு. இங்கே சாராயம் வடிக்கும் பேச்சே கிடையாது. பீரைப் பொறுத்தவரை சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டப்படி, வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரி இல்லாமல் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது. கடைசி இரண்டு மாநிலங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் ஒப்புக்கொண்டன. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் செய்ய அனுமதி இல்லை. ஆகவே இதை யாரும் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பேச வந்தது அடுத்தவர் நாக்கைப் பற்றி.

எங்கள் அம்மா விசேஷ நாளில் சாம்பார் இறக்குவதற்கு முன் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடுவார். கரண்டியிலிருந்து இரண்டு சொட்டை அத்தையின் உள்ளங்கையில் விட்டு, “உப்புப் பாருங்க” என்பார். சாமிக்குப் படைக்கும் முன் சமைத்தவர் வாயில் வைக்கக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் அம்மாவே சொல்வார்: “காலையிலேருந்து இந்த ஆவியிலேயே நிக்கிறேன், எனக்கு மூக்கு செத்துப்போச்சு.” அத்தை ஒருநாளும் ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதில்லை. “புளி இன்னும் பச்சையாத் தெரியுது, ரெண்டு கொதி விடு” என்பார். எது சரியில்லை, எதனால், என்ன செய்யலாம், மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்கும். போர்ட்லண்டு தச்சர் எனக்குச் செய்ததும் அதுவேதான்.

வீட்டு பீர் செய்கிறவர்கள் பாட்டில் மாற்றிக்கொள்வது இதற்காகத்தான். என்னுடையதில் இரண்டு நீங்கள் கொண்டுபோங்கள், உங்களுடையதில் இரண்டு எனக்குக் கொடுங்கள். பாட்டிலோடு பார்த்துச் சொல்லும் கடமையும் சேர்ந்து போகிறது. அமெரிக்காவில் தபாலில் மது அனுப்ப முடியாது. மற்ற கூரியர்களும் தனி ஆளிடமிருந்து வாங்க மாட்டார்கள். அதனால் பெரும்பாலும் கையோடு கைதான். 2020இல் யார் வீட்டுக்கும் யாரும் போக முடியாதபோது, வாசல் படியில் பாட்டிலை வைத்து மணியை அடித்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்துகொள்வோம். அன்று இரவு ஆளுக்கொரு திரையில் ஒரே நேரத்தில் மூடியைத் திறப்போம்.

பார்த்துச் சொல்வதற்கு ஒரு தாள் உண்டு. பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பு 1985இல் தொடங்கியது. போட்டிகளில் தீர்ப்புச் சொல்ல அவர்கள் வகுத்த தாளையே நண்பர்களும் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தெரியும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கண் சொல்வதை அளவோடு கேள் என்று தாளே சொல்லிவிடுகிறது. ஆனாலும் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே எழுத விட்டிருக்கும் நான்கைந்து கோடுகள்தான் எனக்கு உயிர். 31 மார்க் என்று தெரிந்துகொண்டு நாளைக்கு அடுப்பை எப்படி மாற்றுவது?

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, அதை யாரும் மீறுவதில்லை. எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முகத்தைச் சுளிக்கவும் கூடாது. ஒருவர் ‘வெண்ணெய்’ என்று சொல்லிவிட்டால் பத்துப் பேருக்கும் வெண்ணெய் வந்துவிடும். தாளில் தனித்தனியாக எழுதிய பிறகு ஏழு பேர் தாளில் வெண்ணெய் இருந்தால், அது பீரில் இருக்கிறது என்று நம்பலாம். டையசெட்டில் என்ற பொருள் அது, பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் உண்டாக்குவது. கொஞ்சம் பொறுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் தங்கிவிடும். சிலர் மூக்குக்கு அது சுலபத்தில் எட்டுவதில்லை, அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. எங்கள் குழுவில் மிக நன்றாகக் காய்ச்சும் ஒருவர் அப்படித்தான். தன் பீரில் வெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு என்றைக்கும் இன்னொருவர் மூக்கு வேண்டும். அதைக் கேட்பதற்கு அவர் கூச்சப்படுவதே இல்லை.

இந்த மேசையில் உட்கார உட்கார நம் தமிழின் செல்வம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. புதிதாக வருகிறவர்கள் ‘கசக்கிறது’ என்று எழுதுவார்கள். விசாரித்தால் பாதிப்பேர் சொல்வது கசப்பையே அல்ல, நாக்கும் கன்னத்து உட்புறமும் இழுத்துப் பிடிப்பதை. கசப்பு ஹாப்ஸிலிருந்து வருவது, வேண்டியது. இழுப்பு, மால்ட்டின் உமியை மிகச் சூடான தண்ணீரில் அலசுவதால் வருவது, வேண்டாதது. இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர்களுக்குப் பல மாதங்கள் பிடிக்கின்றன. வாழைப்பூவும் மாதுளம் பிஞ்சும் தின்று வளர்ந்தவருக்கு அது வெறும் துவர்ப்பு. அறுசுவையில் ஒன்று. மூன்று வயதில் தெரிந்த சொல்.

வாசனைக்கும் அப்படித்தான். மணம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, காறல், மக்கல். பாட்டிலில் அடைக்கும்போது சளசளவென்று ஊற்றிக் காற்றுப் பட்டுவிட்டால் சில வாரத்தில் ஒரு வாசனை வரும். இங்கே அதை ‘நனைந்த அட்டைப்பெட்டி’ என்பார்கள். நான் என் குறிப்பேட்டில் ‘மக்கல்’ என்று எழுதுகிறேன். மழைக்காலத்துப் பழைய நோட்டுப் புத்தகம் அதில் அப்படியே இருக்கிறது. முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகுதான் அடுத்தவருக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன். தமிழில் எழுதும்போது என் மூக்கு இன்னும் கூர்மையாகிறது.

சொல்வதும் லேசான காரியமில்லை. முதல் தடவை ஓர் இளம்பெண்ணின் பாட்டில் என் பங்குக்கு வந்தது. ஜெர்மானியக் கோதுமை பீர். அந்த வகையில் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் இருக்க வேண்டும், இரண்டையும் ஈஸ்ட்தான் தருகிறது. அவருடையதில் கிராம்பைக் காணோம். வாழைப்பழம் மட்டும், அதுவும் தோல் கறுத்துக் குழைந்துபோன பழம். நல்ல பெண், முதல் முயற்சி. அரை மணி நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தச்சர் என்னிடம் கேட்ட விதம் நினைவுக்கு வந்தது. அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, விசாரித்தார். நானும் எழுதினேன்: ‘நுரை அருமையாக நிற்கிறது, நிறமும் சரி. வாழைப்பழம் மிகவும் பழுத்திருக்கிறது, கிராம்பு எனக்குத் தெரியவில்லை. நொதிக்கும்போது அறையின் சூடு எவ்வளவு இருந்தது?’ மறுநாளே பதில் வந்தது. ஆகஸ்ட் மாதம், மாடி அறை, 26 டிகிரி. அடுத்த முறை நிலவறையில் 17 டிகிரியில் வைத்தார். என்னைவிட நன்றாகச் செய்கிறார் இப்போது.

இப்படிப் பாட்டிலை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போவதே ஒரு காலத்தில் இங்கே சிக்கலாகிவிட்டது. ஒரிகானின் பழைய சட்டத்தில் வீட்டில் செய்து வீட்டிலேயே அருந்துவதற்கு என்ற பொருளில் வாசகம் இருந்தது. வருடக்கணக்காக யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. 2010இல் உற்றுப் பார்த்தார்கள். மாநிலக் கண்காட்சியில் வழக்கமாக நடக்கும் வீட்டு பீர் போட்டி நின்றது. குழுக் கூட்டங்களில் பாட்டில் திறக்கவும் தயக்கம் வந்தது. அப்போது இருந்தவர்கள் சொல்கிறார்கள்: காய்ச்சுவதை யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் பலருக்குக் காய்ச்சவே மனம் வரவில்லையாம். 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருத்தம் எனக்கு முழுக்கப் புரிகிறது. சமையலறையில் தனியாக நின்றுகொண்டு, செத்துப்போன மூக்கோடு, நாமே குடித்து நாமே மெச்சிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

என் 7ஆம் எண் பாட்டிலின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட். தண்ணீரில் கால் மாத்திரை மட்டும் புதிது. மார்ச் மாதக் கூட்டத்தில் பெரியவரிடம் இரண்டு பாட்டில் கொடுத்தேன். அடுத்த மாதம் பாதித் தாளில் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்தார். ‘ஆஸ்பத்திரி போய்விட்டது. ஹாப்ஸ் இப்போதுதான் மேலே வருகிறது: கிரேப்ஃப்ரூட் தோல், கொஞ்சம் பைன் மரம்.’ கிரேப்ஃப்ரூட் என்று அவர் எழுதியது, நம் பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் வரும் மணத்துக்குப் பக்கத்தில் நிற்பது. அடுத்த வரி: ‘நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை எவ்வளவு போட்டீர்கள்?’ அதற்குக் கீழே நான் பதில் எழுத ஒரு கோடு போட்டிருந்தார். அவருடைய பென்சிலையே வாங்கி, ‘19 லிட்டருக்கு 85 கிராம்’ என்று எழுதினேன். பார்த்துவிட்டு 85ஐ அடித்து, பக்கத்தில் 115 என்று போட்டுத் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

நன்றி. வணக்கம்.