இடுப்பில் துப்பாக்கி, கையில் தக்காளி

(டாலஸ் பகுதியில் நடந்த பொங்கல் விழாவில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள். அவசரத்தில் விட்டுப்போன ஒன்றிரண்டு தகவல்களைச் சேர்த்திருக்கிறேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்த இடங்களை எடுத்துவிட்டேன்.)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அம்மா அவர்களே, வரவு செலவுக் கணக்கை நேற்று நள்ளிரவு வரை உட்கார்ந்து முடித்த பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் தலைவர்கள் மூவரே! மூவரையும் பதவி வகித்த வரிசைப்படி வணங்குகிறேன். போன வருடம் வரிசை மாறிவிட்டது, அதற்கு நான் வாங்கிய பாட்டு எனக்குத்தான் தெரியும். தமிழ் புரியாவிட்டாலும் சரியான இடத்தில் சிரிக்கும் நகர மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, நம் அழைப்பை ஏற்றுச் சீருடையோடு வந்திருக்கும் காவல்துறை அதிகாரி அவர்களே! இது பள்ளிக்கூட அரங்கு. இங்கே துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவர்தான் என்று நம்பிப் பேச்சைத் தொடங்குகிறேன். சமையல் குழுவுக்கும் வணக்கம். சர்க்கரைப் பொங்கல் வாசனை மேடை வரை வருகிறது, அதனால் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்கிறவர்களிடம் உள்ளூர் போலீஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பது. நான்கு விஷயம் பேசுவேன். ஒன்று சட்டம், இரண்டு நீதிமன்றம், மூன்று நிறம், நான்கு தொலைபேசி. பழமொழி சொல்வேனா என்று யாரோ பின்னாலிருந்து கேட்கிறார்கள். சொல்லாமல் எப்படி? வருமான வரிப் படிவம் பற்றிப் பேசியபோதே சொன்னவன் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சங்கத்தில் பாதிப் பேர் என்னை 'அரண்டவர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டெக்சஸ் என்றால் கௌபாய், கௌபாய் என்றால் இடுப்பில் துப்பாக்கி என்று சினிமா பார்த்து நம்பியவர்கள் நாம். உண்மை வேறு. 1871இலேயே இந்த மாநிலம் கைத்துப்பாக்கியோடு நடமாடுவதைத் தடுத்துவிட்டது. பயணிகள், சொந்த இடம் என்று சில விலக்குகள் உண்டு, ரைஃபிளுக்குத் தடை இல்லை. அந்தச் சட்டம் 120 வருடத்துக்கு மேல் நின்றது. 1995இல் ஜார்ஜ் புஷ், அதாவது மகன் புஷ், ஆளுநராக இருந்தபோதுதான் உரிமம் வாங்கி மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. எல்லோருக்கும் தெரிய இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம் என்று வந்தது 2016 ஜனவரி 1இல். அப்போதும் உரிமம் வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உரிமமும் வேண்டாம். 21 வயது நிரம்பி, சட்டப்படி விலக்கப்படாதவராக இருந்து, துப்பாக்கி உறைக்குள் இருந்தால் போதும் என்றது அன்றைக்கு வந்த சட்டம். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகள் உற்சாகப்பட வேண்டாம். உங்களைப் போன்றவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு.

நீதிமன்றம். ஓஹையோ மாநிலம் டொலீடோவில் 2010இல் ஒருவர் குடும்பத்தோடு நாயைக் கூட்டிக்கொண்டு மாலை நடை போகிறார், இடுப்பில் துப்பாக்கி. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் பார்த்துவிட்டு 911ஐ, அதாவது அவசர உதவி எண்ணை, கூப்பிடுகிறார். போலீஸ் வந்து துப்பாக்கியைப் பறித்து, விலங்கு மாட்டி உட்கார வைக்கிறது. அவர் வழக்குப் போட்டார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? மாநிலம் அனுமதித்த ஒன்றைச் செய்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது, குற்றம் நடக்கிறது என்று சந்தேகிக்க வேறு காரணம் வேண்டும் என்றது. நம் டெக்சஸில், இடுப்புத் துப்பாக்கியைப் பார்த்த ஒரே காரணத்துக்காக உரிமம் கேட்டு நிறுத்தக் கூடாது என்று 2015இல் ஒரு திருத்தம் வந்தது. போலீஸ் தரப்பு எதிர்த்தது, கடைசியில் அது கழன்றுவிட்டது. அப்புறம் உரிமமே வேண்டாம் என்று ஆனபிறகு எதைக் கேட்பது? ஆனால் பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாகத் தோன்றினால் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று 2021 சட்டமே சொல்கிறது. அதிகாரி அவர்கள் தலையாட்டுகிறார். யாரோ மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

சரி, இப்போது என் மாமனார் கதை. இதை ஏற்கெனவே கேட்டவர்கள் காபி குடித்துவிட்டு வரலாம்.

என் மாமனார் திருநெல்வேலிச் சீமையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒரு த்ரீ நாட் த்ரீ ரைஃபிளை வெளியே எடுக்க வேண்டுமென்றால் நோட்டில் கையெழுத்து, தோட்டாவை எண்ணி வாங்க வேண்டும், பாரா முடிந்ததும் எண்ணித் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தால் சாப்பாடு இறங்காது. தேர்தல் அறிவித்தால் போதும், லைசென்ஸ் வைத்திருக்கும் பண்ணையார் வீட்டுத் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்கு வரும், மாமா உட்கார்ந்து ரசீது எழுதுவார். ஒரு பெரிய மனிதர் காரிலிருந்து இறங்காமல், டிரைவரிடம் கொடுத்து அனுப்பினாராம். "துப்பாக்கி ஓட்டிக்கிட்டா வருது, ஆளு வரட்டும்" என்று மாமா திருப்பி அனுப்பிவிட்டார். அதை இன்றைக்கும் வாரத்துக்கு ஒருமுறை சொல்வார்.

அவர் ஆறு மாதம் எங்களோடு தங்க வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் பால் எடுக்கப் போனேன், மாமா காய்கறிப் பக்கம் நின்றார். திரும்பிப் பார்த்தால், மனிதர் விறைப்பாக நின்று ஒருவருக்குச் சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறார்! எதிரே முப்பது வயதுப் பையன், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, இடுப்பில் கறுப்பு உறையில் பிஸ்டல். அவனும் சிரித்துக்கொண்டே பதில் சல்யூட் வைத்துவிட்டுத் தக்காளி பொறுக்கப் போய்விட்டான்.

"யாரு மாப்பிள்ளை, டி.எஸ்.பி.யா? மஃப்டியில வந்திருக்காரே."

"இல்லை மாமா, அவன் சும்மா கடைக்கு வந்திருக்கான்."

"சும்மாவா? அப்போ அது?"

"அது அவனோடது."

மாமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு சாதாரண ஆளுக்குச் சல்யூட் அடித்துவிட்டோமே என்ற கோபமா, துப்பாக்கியைப் பார்த்த பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காருக்கு வந்ததும் என் போனைப் பிடுங்கி 911 போட்டுவிட்டார். அந்த உரையாடலை ஸ்பீக்கரில் நான் முழுசாகக் கேட்டேன். மாமாவின் ஆங்கிலம் ஸ்டேஷன் ஆங்கிலம்.

"மேடம், ஒன் மேன். கன்."

எந்தக் கடை என்று அந்தப் பெண் கேட்டார். நான் சொன்னேன். துப்பாக்கி கையில் இருக்கிறதா, உறையிலா?

"ஹிப், மேடம்."

இப்போது அந்த ஆள் என்ன செய்கிறார்?

"டொமேட்டோ, மேடம். செலக்டிங்."

யாரையாவது மிரட்டினாரா? துப்பாக்கியை எடுத்துக் காட்டினாரா?

"நோ மேடம். ஹி சல்யூட்டட் மீ."

இரண்டு நொடி அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண் பொறுமையாக, இந்த மாநிலத்தில் அது சட்டப்படி சரி, கடைக்காரர் வேண்டாம் என்றால் வாசலில் பலகை வைக்கலாம், அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் உடனே திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்தார். மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார். வீடு வரைக்கும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி நாலும் நல்ல ஸ்டேஷன் ரைட்டர் கேட்கிற கேள்வி மாப்பிள்ளை."

அந்த நாலு கேள்விதான் நான் சொல்ல வந்த விஷயம். துப்பாக்கியோடு நிற்கும் ஆளிடம் போலீஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதில் பெரும்பகுதி போலீஸ் வண்டி கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பார்த்தவர் வாயில் என்ன வந்தது, போனை எடுத்தவர் அதில் எதை எழுதினார், ரேடியோவில் எது போனது, அவ்வளவுதான்.

2014 நவம்பர் 22, ஓஹையோவின் கிளீவ்லாண்ட். பூங்காவில் 12 வயதுப் பையன் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடுகிறான். பார்த்தவர் 911இல் சொல்கிறார்: அது போலியாகத்தான் இருக்கும், ஆள் சின்னப் பையனாகத்தான் இருப்பான். இந்த இரண்டும் போலீஸ்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் சுட்டார்கள். போன் எடுத்தவருக்குப் பின்னால் எட்டு நாள் சஸ்பென்ஷன். ஒரு பிள்ளையின் உயிருக்கு எட்டு நாள்!

அதே ஓஹையோ, அதே வருடம் ஆகஸ்ட் 5, பீவர்க்ரீக்கில் ஒரு வால்மார்ட். 22 வயது இளைஞர், விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, போனில் பேசியபடி நடக்கிறார். ஒருவர் 911ஐக் கூப்பிட்டு, ஆட்களைக் குறிபார்க்கிறார் என்கிறார். போலீஸ் வந்து சுட்டது. தப்பி ஓடிய கூட்டத்தில் ஒரு பெண் மாரடைப்பில் இறந்தார். கேமராப் பதிவைப் பார்த்தபிறகு, அந்தக் 'குறிபார்க்கிறார்' என்ற வார்த்தை பெரிய சர்ச்சையானது. ஒன்றைக் கவனியுங்கள், நிஜத் துப்பாக்கியையே வெளிப்படையாக எடுத்துச் செல்ல அனுமதிக்கிற மாநிலம் அது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரண்டவன் போன் போட்டால் அந்தப் பேய்க்கு விலாசமும் கிடைத்துவிடுகிறது.

உடனே, அப்படியானால் யாரும் கூப்பிடவே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 2015 அக்டோபர் 31, கொலராடோ ஸ்பிரிங்ஸ். பக்கத்து வீட்டு ஆள் ரைஃபிளோடு திரிகிறான் என்று ஒரு அம்மா 911க்குச் சொல்கிறார். இங்கே வெளிப்படையாக எடுத்துச் செல்லலாம் என்று அவருக்கு விளக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே அம்மா மறுபடி கூப்பிடுகிறார். அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டான், கடைசியில் மூன்று பேர் போய்விட்டார்கள். அந்த அம்மா அரண்டதில் தப்பே இல்லை. அங்கே பேய் நிஜமாகவே இருந்தது. சட்டம் அனுமதிக்கிறது என்ற ஒரு வாக்கியம் அதை மறைத்துவிட்டது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலை 7, டவுன்டவுன் டாலஸ் ஊர்வலம். இருபது, முப்பது பேர் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு சட்டப்படி நடந்துபோனார்கள். ஒருவன் ஒளிந்திருந்து சுட்டான், ஐந்து காவலர்கள் செத்தார்கள். (இந்த இடத்தில் எழுந்து நின்று மரியாதை செய்தோம்.) எல்லோரும் ஓடுகிறார்கள், ஓடுகிறவன் தோளில் ரைஃபிள். எவன் சுட்டவன் என்று எப்படித் தெரியும்? அன்றைய காவல் தலைவர் டேவிட் பிரவுன் இந்தச் சிக்கலைப் பகிரங்கமாகவே சொன்னார். ஊர்வலத்தில் ரைஃபிளோடு வந்த ஒரு கறுப்பின இளைஞரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே ட்விட்டரில் போட்டுவிட்டது. அவர் துப்பாக்கியைத் தாமாகவே ஒரு காவலரிடம் கொடுத்துவிட்டவர். விசாரித்து விட்டுவிட்டார்கள். அதற்குள் அந்தப் படத்தை உலகமே பார்த்துவிட்டது.

மூன்றாவது தலைப்பு நிறம். 1967இல் கறுப்புச் சிறுத்தைகள் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தினர் கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நடந்துபோனதும், அதே வருடம் குண்டு போட்ட துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்துப் போட்டதும் என்று நிறையச் சொல்ல வேண்டும். அதை ஐந்து நிமிடத்தில் சொன்னால் பாவம். தனி மேடை கொடுங்கள், வருகிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மூன்று வருடமாகக் கேட்கிறேன். செயற்குழு தீர்மானம் போடுகிறது, வகுப்பு நடப்பதில்லை. நமக்குப் பரதநாட்டிய வகுப்பு இருக்கிறது, சிலம்ப வகுப்பு இருக்கிறது, போன ஆண்டிலிருந்து ஏ.ஐ. வகுப்பும் வந்துவிட்டது. 911இல் எப்படிப் பேசுவது என்று ஒரு மணி நேர வகுப்பு மட்டும் இல்லை. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களுக்கு அது வேண்டும். இந்தியாவுக்கு 91 போடப்போய் 911 விழுந்துவிட்டதும் பயந்து வைத்துவிடுகிறார்களே, வைக்கக் கூடாது, தவறிப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இதையாவது எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ஆங்கிலம் வராவிட்டால் "டமில்" என்று ஒரே சொல்லைச் சொன்னால், பல ஊர்களில் போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதற்கு முன் இருக்கும் இடத்தைச் சொல்லப் பழக வேண்டும். துப்பாக்கி கையிலா, உறையிலா. ஆள் என்ன செய்கிறான். கண்ணால் பார்த்தது எது, நாமாக நினைத்தது எது. மாமா 'டொமேட்டோ' என்று சொன்னாரே, சிரித்தோம். அன்றைக்கு அவர் பதற்றத்தில் 'ஷூட்டிங்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தக்காளிப் பையன் கதி என்ன? அவனுக்கும் வீட்டில் யாரோ குழம்பு வைக்கக் காத்திருந்திருப்பார்கள்.

தலைவர் அவர்களே, மணி மூன்றாவது தடவை அடிக்கிறது, கேட்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணி, நூலகத்தில் சிறிய அறையை நானே பதிவு செய்துவிட்டேன். இங்கிருக்கும் அதிகாரி அவர்களும் வருவதாகக் காலையில் ஒத்துக்கொண்டார். மாமா இப்போது ஊரில் இருக்கிறார், வீடியோவில் வந்து ரைட்டர் கேள்வி நாலையும் அவரே கேட்பார். பெயர் எழுதும் தாள் காபி மேசை மேல் இருக்கிறது. பேனாவை மறந்துவிட்டேன், யாராவது ஒன்று வையுங்கள்.