எந்தப் பங்கு, எந்தக் கணக்கில்?

வணக்கம், நேயர்களே.

சொந்தமாகப் பங்கு வாங்கி வைத்திருப்பவர்களும் வாங்க யோசிப்பவர்களும் அதிகம் கேட்கும் கேள்வி, "இப்ப எந்தப் பங்கை வாங்கலாம்?" என்பதுதான். அடுத்த வருடம் எது ஏறும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அப்படிச் சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள். ஆனால் ஒன்று சொல்லலாம். இரண்டு பேர் ஒரே பங்கை ஒரே நாளில் ஒரே விலைக்கு வாங்கி, ஒரே நாளில் விற்றாலும், கையில் மிஞ்சுவது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை எந்தக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதே காரணம். இது முழுக்க நாமே தீர்மானிக்கிற விஷயம். அதனால் இன்று கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கனடாவில் ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு 2009இல் வந்தது. பலர் அதில் வட்டிக்குக் காசு போட்டு வைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பங்கும், பல பங்குகளை ஒரே தொகுப்பாகச் சந்தையில் வாங்கத் தரும் ஈ.ரி.எஃப்.உம் அதற்குள் வாங்கலாம். இலாபத்துக்கும் வரியில்லை, வெளியே எடுக்கும்போதும் வரியில்லை. 2009இலிருந்து 2025 வரையான வருட வரம்புகளைக் கூட்டினால் 102,000 டொலர் வரும். நம் ஆட்கள் பலர் இந்த ஒரு எண்ணைக் கேள்விப்பட்டு அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகை, 2009இலேயே 18 வயது நிரம்பி, அன்றிலிருந்து கனடாவில் வசித்தவர்களுக்கு மட்டும். நீங்கள் 2019இல் வந்து குடியேறியவர் என்றால் உங்கள் இடம், அதாவது நீங்கள் போடக்கூடிய தொகை, 2019இலிருந்துதான் சேரத் தொடங்கும். 2025 வரை கூட்டிப் பாருங்கள்: 44,500 டொலர். அதற்கு மேல் போட்டால், கூடுதலாக உள்ள தொகைக்கு மாதம் 1 வீதம் அபராத வரி. 102,000 முழுவதையும் போட்டுவிட்டால் மாதம் 575 டொலர் போகும், அதுவும் அந்தக் காசை வெளியே எடுக்கும்வரை. சரியான எண் வேண்டுமானால் வருமானவரி முகமையின் 'மை அக்கவுண்ட்' இணையப் பக்கத்தைப் பாருங்கள். ஆனால் இந்த வருடம் நீங்கள் போட்டதும் எடுத்ததும் அங்கே உடனே தெரியாது. அந்தக் கணக்கை நீங்கள்தான் எழுதி வைக்கவேண்டும்.

இன்னொரு இடத்திலும் ஆட்கள் சறுக்குகிறார்கள். மே மாதம் 10,000 டொலர் எடுக்கிறீர்கள். செப்டம்பரில் காசு திரும்பக் கிடைக்கிறது, உடனே கணக்கில் போட்டுவிடுகிறீர்கள். எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1ஆம் திகதிதான் திரும்பி வரும். வேறு இடம் மீதி இல்லாதவர் செப்டம்பரில் போட்டால் அதற்கும் அதே அபராதம்தான்.

"ரி.எஃப்.எஸ்.ஏ.யில் வரியில்லையே, அப்ப அங்கேதானே துணிந்து விளையாடவேண்டும்?" என்று இளம் ஆட்கள் கேட்கிறார்கள். நான் இதற்கு மாறாகவே சொல்வேன். 7,000 டொலருக்கு வாங்கிய பங்கு 1,000 டொலருக்கு விழுந்தால், போன 6,000 டொலருக்கான இடமும் சேர்ந்தே போய்விடும். அந்த நட்டத்தை வேறு இலாபத்தோடு கழிக்கவும் முடியாது. இப்படி வரிச்சலுகை இல்லாத சாதாரணக் கணக்கில் விழுந்திருந்தால் நட்டத்தை மூன்று வருடம் பின்னோக்கியோ, காலவரையின்றி முன்னோக்கியோ பயன்படுத்தியிருக்கலாம். அதோடு, தினமும் வாங்கி விற்கிறவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. பங்கு வியாபாரத்தையே தொழிலாகச் செய்கிறார் என்று வருமானவரி முகமை முடிவு செய்தால், கணக்குக்குள் வந்த இலாபத்துக்கும் வரி கேட்கும். 2023இல் வரி நீதிமன்றம் அப்படியான ஒரு வழக்கில் முகமையின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கா, ரி.எஃப்.எஸ்.ஏ.யா என்பது அடுத்த கேள்வி. அதில் போடும் காசு வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிவதால், நல்ல சம்பளம் வாங்கும் வயதில் ஆர்.ஆர்.எஸ்.பி. பெரிய உதவி. போன வருட உழைப்பு வருமானத்தில் 18 வீதம்வரை, அந்தந்த வருட உச்சவரம்புக்குள் போடலாம். 2025க்கான உச்சவரம்பு 32,490 டொலர். ஆனால் இந்தக் கேள்வியில் நான் அதிகம் கவலைப்படுவது நடுவயதில் கனடாவுக்கு வந்து, குறைந்த சம்பளத்தில் வேலை செய்தவர்களைப் பற்றித்தான். முழு முதியோர் ஓய்வூதியம் கிடைக்க 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் இந்த நாட்டில் வசித்திருக்கவேண்டும். அவர்களுக்கு அது வராது. குறைந்த வருமானக்காரருக்குக் கிடைக்கும் ஜி.ஐ.எஸ். என்ற மேலதிகத் தொகைதான் அவர்களைத் தாங்கும். ஒவ்வொரு டொலர் வருமானத்துக்கும் அதில் ஏறக்குறைய 50 சதம் குறையும். ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுக்கும் காசு வருமானமாகக் கணக்கிடப்படும். ரி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து எடுப்பது கணக்கில் வராது.

சாதாரணக் கணக்கில் கனடா வங்கிப் பங்கு வைத்து டிவிடெண்ட், அதாவது கம்பனி பங்குக்காரருக்குப் பிரித்துத் தரும் இலாபம், வாங்கும் முதியவர்களுக்கு இது இன்னும் மோசம். வரிப் படிவத்தில் 100 டொலர் டிவிடெண்ட் 138 டொலராக உயர்த்தி எழுதப்படும். பிறகு வரிச்சலுகை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஜி.ஐ.எஸ். குறைவது அந்த 138ஐ வைத்துத்தான். கையில் வந்தது 100, உதவித்தொகையில் போனது 69. அந்தப் பங்கை ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் வைத்திருந்தால் இந்த இழப்பே இல்லை. தாய் தகப்பனின் வரிப் படிவத்தை நிரப்பும் பிள்ளைகள் இதைத் தயவுசெய்து பாருங்கள். 65 வயதாவதற்குச் சில வருடங்கள் முன்பே பார்த்தால் இன்னும் நல்லது.

அமெரிக்கப் பங்குகள் பற்றி நிறையக் கேள்வி வருகிறது. ஆப்பிள், மைக்ரோசொஃப்ட் மாதிரி நிறுவனங்கள் தரும் டிவிடெண்டில் அமெரிக்கா 15 வீதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் நேரடியாக வைத்திருந்தால், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின்படி அந்தப் பிடிப்பு இல்லை. சாதாரணக் கணக்கில் பிடிப்பார்கள், ஆனால் கனடா வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ரி.எஃப்.எஸ்.ஏ.யில் பிடித்தது போனதுதான். ரொறன்ரோ சந்தையில் வாங்கும் ஈ.ரி.எஃப். உள்ளே அமெரிக்கப் பங்கு வைத்திருந்தால், அது ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருந்தாலும் பிடிப்பு உண்டு.

இதைக் கேட்டதும் சிலர் அவசரமாகக் காசை அமெரிக்க டொலராக மாற்றி நியூயோர்க் சந்தையில் வாங்கப் போகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 10,000 டொலருக்கு 1.3 வீத டிவிடெண்ட் என்றால் வருடம் 130 டொலர். அதில் 15 வீதம் 20 டொலருக்குக் கிட்ட. பல தரகு நிறுவனங்களில் நாணயம் மாற்ற 1.5 வீதம்வரை போகும், அதாவது 150 டொலர். ஏழு வருடத்துக்கு மேல் மிச்சம் பிடித்தால்தான் அதை ஈடுகட்டலாம். திரும்பக் கனடா டொலராக மாற்றும்போது இன்னொரு தடவை. டி.எல்.ஆர். என்ற ஈ.ரி.எஃப்.ஐக் கனடா டொலரில் வாங்கி, அமெரிக்க டொலர் பக்கத்துக்கு மாற்றி விற்று, இந்தச் செலவைப் பெரிதும் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய தொகை என்றால் அந்த வழியைப் படித்துப் பாருங்கள். சின்னத் தொகைக்கு ரொறன்ரோ ஈ.ரி.எஃப். போதும்.

டிவிடெண்ட் மேல் நம் ஆட்களுக்கு ஒரு தனி நம்பிக்கை இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. பாங்க் ஒஃப் மொன்றியல் 1829இலிருந்து டிவிடெண்ட் கொடுத்து வருகிறது. ஆனால் எல்லா நிறுவனமும் அப்படியில்லை. காப்புறுதி நிறுவனமான மனுலைஃப் 2009இல் டிவிடெண்டைப் பாதியாக வெட்டியது. பெல் தொலைபேசிக் கம்பனியான பி.சி.ஈ.யின் பங்கை ஓய்வூதியம் போல நம்பியிருந்தவர்கள் ஏராளம். 2025 மே மாதம் அதன் வருட டிவிடெண்ட் 3.99 டொலரிலிருந்து 1.75 டொலராக இறங்கியது. அதற்கு முன்பே பங்கு விலை விழுந்து, டிவிடெண்ட் வீதம் இரண்டு இலக்கத்துக்கு ஏறியிருந்தது. ஒரு பெரிய கம்பனியின் டிவிடெண்ட் வீதம் அவ்வளவு உயரமாகத் தெரிந்தால், அது வெட்டப்படும் என்று சந்தை எதிர்பார்ப்பதாகத்தான் பெரும்பாலும் அர்த்தம்.

சரி, எத்தனை பங்கு வைத்திருக்கலாம்? எண்ணிக்கையைவிட, எல்லாம் எதில் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். வீடு ஸ்காபரோவில், வேலை ரொறன்ரோவில், பங்குகள் முழுக்கக் கனடா வங்கிகளில். இங்கே வீட்டு விலை சரிந்து வேலையும் குறைந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் அடிபடும். ரொறன்ரோ பங்குச் சுட்டெண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, காப்புறுதி போன்ற நிதி நிறுவனங்கள். எண்ணெயும் சுரங்கமும் இன்னொரு பெரிய பகுதி. உலகச் சந்தையில் கனடாவின் அளவோ 3 வீதத்துக்குக் கிட்டத்தான்.

பழைய ஆட்களுக்கு நோர்டெல் என்ற தொலைத்தொடர்புக் கருவிக் கம்பனி நினைவிருக்கும். 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு பங்கு 124 டொலரைத் தாண்டியது. அந்த ஒரு கம்பனி மட்டும் ரொறன்ரோ சுட்டெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. 2002இல் அதே பங்கு ஒரு டொலருக்கும் கீழே. 2009 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக்குப் போனது. பிராம்டனிலும் ஒட்டாவாவிலும் அங்கே வேலை செய்தவர்கள் சம்பளத்தையும் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் ஒரே கம்பனியில் வைத்திருந்தார்கள். வேலை போன அதே காலத்தில் சேமிப்பும் கரைந்தது, பிறகு ஓய்வூதியமும் வெட்டுப்பட்டது. இன்று தொழில்நுட்பக் கம்பனிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு பங்கும் கிடைக்கிறது. அது கைக்கு வர வர ஒரு பகுதியையாவது விற்று வேறு இடத்தில் போடச் சொல்லுங்கள்.

தனித்தனியாகப் பங்கு தேட நேரமோ விருப்பமோ இல்லாதவர்களுக்கு, உலகம் முழுவதையும் ஒரே பங்கில் வாங்கித் தரும் ஈ.ரி.எஃப்.கள் 2019இலிருந்து ரொறன்ரோ சந்தையில் இருக்கின்றன. அவற்றின் வருடக் கட்டணம் ஏறக்குறைய 0.2 வீதம். வங்கிக்குப் போனால் கையில் தரும் மியூச்சுவல் ஃபண்ட் பலதில் அது 2 வீதத்தைத் தொடும். கட்டணத்துக்கு முன் வருடம் 6 வீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 100,000 டொலர் 25 வருடத்தில் குறைந்த கட்டணத்தில் 409,000 டொலருக்குக் கிட்ட ஆகும். கூடிய கட்டணத்தில் 267,000 டொலருக்குக் கிட்ட நிற்கும். என்னைக் கேட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த ஈ.ரி.எஃப். ஒன்றே போதும்.

டிசம்பர் வந்தால் நட்டத்துக்கு விற்று வரி குறைக்கும் அவசரம் தொடங்கும். விற்ற நாளுக்கு முன் 30 நாள், பின் 30 நாள், இந்த இடைவெளிக்குள் அதே பங்கை நீங்களோ உங்கள் கணவன் மனைவியோ வாங்கி, 30ஆவது நாள் முடியும்போதும் அது கையில் இருந்தால், நட்டம் செல்லாது. உங்கள் சொந்த ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் வாங்கினாலும் அதே கதைதான், அங்கே அந்த நட்டம் நிரந்தரமாகவே போய்விடும். நட்டத்தில் கிடக்கும் பங்கை விற்காமல் அப்படியே ரி.எஃப்.எஸ்.ஏ.க்கு மாற்றுவதும் கூடாது. முதலில் விற்றுவிட்டுக் காசாகப் போடுங்கள்.

அப்புறம் ரி1135 படிவம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் சமூகத்தில் இதில் மாட்டக்கூடியவர்கள் பலர். கனடாவுக்கு வெளியே உள்ள முதலீடுகளின் கொள்விலை வருடத்தின் எந்த நேரத்திலாவது 100,000 டொலரைத் தாண்டினால் இதை நிரப்பவேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ உள்ள வங்கி வைப்பு, யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு விட்ட வீடு, இங்குள்ள தரகு நிறுவனத்தின் சாதாரணக் கணக்கில் இருக்கும் அமெரிக்கப் பங்கு, எல்லாம் சேரும். ஆர்.ஆர்.எஸ்.பி., ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் இருப்பது சேராது. நீங்கள் போய்த் தங்குவதற்காக வைத்திருக்கும் சொந்த வீடும் சேராது. குடியேறிய முதல் வருடத்துக்கு நிரப்பத் தேவையில்லை. ஊரில் இருந்தபோதே வாங்கிய சொத்துக்கு, நீங்கள் இங்கே குடியேறிய நாளின் சந்தை விலையே கொள்விலை. இந்தப் படிவத்தால் ஒரு சதம் வரியும் அதிகரிக்காது, இது வெறும் தகவல். ஆனால் பிந்தினால் நாளுக்கு 25 டொலர், 2,500 டொலர்வரை அபராதம்.

தரகு நிறுவனம் முறிந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு: சி.ஐ.பி.எஃப். என்ற பாதுகாப்பு நிதி பொதுவாக 1 மில்லியன் டொலர்வரை ஈடுசெய்யும். விலை வீழ்ச்சிக்கு அது பொறுப்பில்லை. "மாதம் 2 வீதம் உறுதி" என்று கோயிலிலோ கலியாண வீட்டிலோ தெரிந்தவர் ஒருவர் காசு கேட்டால், அவருடைய பெயர் மாகாணப் பங்குச்சந்தை ஆணையங்களின் தேசியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். தேட ஐந்து நிமிடம்தான் பிடிக்கும், இலவசமும் கூட. தெரிந்தவர் என்பதற்காகத் தேடாமல் இருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் ரி.எஃப்.எஸ்.ஏ.யில் கணவனையோ மனைவியையோ பயனாளி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்களா, கணக்கின் அடுத்த உரிமையாளர் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்த உரிமையாளர் என்றால் கணக்கு அப்படியே அவர் பெயருக்கு மாறும், வரியில்லாமலே தொடரும், அவருடைய சொந்த இடமும் குறையாது. பயனாளி என்றால், இறந்த நாளுக்குப் பிறகு சேரும் வளர்ச்சிக்கு வரி வரும். கியூபெக்கில் விதி வேறு, மொன்றியலில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நோட்டரியிடம் பேசுங்கள். மற்ற மாகாணங்களில் ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும் போதும், நாளைக்கே வங்கிக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.