கடைசி சீட்டை இரண்டு பேர் கேட்டால்

(இறுதியாண்டு பொறியியல் மாணவர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிளேஸ்மெண்ட் சீசன் தொடங்குகிற நேரம். கடைசி வரிசை வரைக்கும் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே உங்கள் பயம் புரிகிறது. சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இன்டர்வியூவில் கேள்வி கேட்கிற ஆள். என் கைக்கு வரும் ரெஸ்யூமே எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? முதல் வரி 'ஆப்ஜெக்டிவ்'. அதற்குக் கீழே சி, ஜாவா, பைத்தான் என்று ஒரு பட்டியல். கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, அப்புறம் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு உறுதிமொழி. நடுவில் ப்ராஜெக்ட்: லைப்ரரி மேனேஜ்மெண்ட், பஸ் டிக்கெட் புக்கிங், இல்லாவிட்டால் டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்திருப்பார் என்று கணிக்கும் மெஷின் லேர்னிங். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களாலேயே சொல்ல முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இங்கிலீஷும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. முன்பு ஸ்பெல்லிங் தப்பாவது ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது!

உடனே இன்னும் நாலு சர்டிபிகேட் வாங்கலாம் என்று தோன்றும். அதை உங்கள் பக்கத்தில் இருப்பவரும் வாங்குவார். இருக்கிற ப்ராஜெக்டிலேயே இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அந்த பஸ் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அது மட்டமான ப்ராஜெக்ட் என்று நான் நினைக்கவில்லை. என் முதல் கேள்வி இப்படி இருக்கும்: தீபாவளிக்கு முந்தின நாள், கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே ஒரு சீட்தான் மிச்சம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் 'புக்' பட்டனை அழுத்துகிறார்கள். என்ன நடக்கும்?

"முதலில் அழுத்தினவருக்குக் கிடைக்கும் சார்." பெரும்பாலும் இதுதான் பதில். எப்படி? ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தால், சீட் காலியா என்று ஒரு வரி பார்க்கிறது, அடுத்த வரி பெயரை எழுதுகிறது. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் இன்னொருவரும் வந்து பார்த்துவிட்டால்? அவருக்கும் காலி என்றுதான் தெரியும். இரண்டு பேரிடமும் டிக்கெட். பஸ்ஸில் கண்டக்டர் பாடு திண்டாட்டம். ரேஸ் கண்டிஷன் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் படித்தீர்களே, அதேதான் இது. பரீட்சையில் இதற்கு விடை எழுதியவர்களே தங்கள் ப்ராஜெக்டில் அது இருப்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தீர்வுகள் இருக்கின்றன. டிரிப் நம்பரும் சீட் நம்பரும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போடலாம். இரண்டாவது ஆளின் பதிவை டேட்டாபேஸே தடுத்துவிடும். அல்லது 'செலக்ட் ஃபார் அப்டேட்' என்ற கட்டளை போட்டு, டேட்டாபேஸில் அந்த சீட்டின் பதிவை வேறு யாரும் மாற்ற முடியாமல் பூட்டி வைக்கலாம். ஆனால் பணம் கட்ட ஐந்து நிமிடம் ஆகும், அதுவரை பூட்டியே வைத்திருப்பீர்களா? சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி, நேரம் முடிந்ததும் விட்டுவிடலாம். விட்ட பிறகு பணம் வந்து சேர்ந்தால்? இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெண் இந்தக் கேள்விக்குத் தன் லேப்டாப்பைத் திறந்து, ஒரே சமயத்தில் ஐம்பது கோரிக்கை அனுப்பும் சின்ன ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் காட்டினார். முன்பு ஒரே சீட்டுக்குப் பல டிக்கெட் விழுந்ததையும், மாற்றிய பிறகு ஒன்றே ஒன்று விழுவதையும் ரீட்மீயில், அதாவது ப்ராஜெக்டின் விளக்கக் கோப்பில், எழுதி வைத்திருந்தார். இங்கிலீஷ் தடுமாறித்தான் பேசினார். அதற்கு நான் மார்க் குறைக்கவில்லை.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் ப்ராஜெக்டை முதலில் ரூம்மேட்டிடம் தமிழில் விளக்குங்கள். அவர் குறுக்கே கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்கட்டும். பிறகு அதையே குட்டிக் குட்டி இங்கிலீஷ் வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். விஷயம் தெரியாமல் பேச்சு மட்டும் சரளமாக இருந்தால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

அடுத்து, ப்ரோக்ராம்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில், வேலை செய்த நாளைக் காட்டும் பச்சைக் கட்டத்தை நிரப்புகிற பழக்கம். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்துகிறது. ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்கு, பங்களித்தால் அப்போது டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-இல் என்ன ஆனது தெரியுமா? ஒரு யூடியூப் பாடத்தைப் பார்த்து, முன்பின் தெரியாத ப்ராஜெக்ட்களின் ரீட்மீயில் 'அற்புதமான ப்ராஜெக்ட்' என்ற மாதிரி ஏதோ ஒரு வார்த்தையைச் சேர்த்து, இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள். சம்பளமில்லாமல் அந்த ப்ராஜெக்ட்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் குப்பை பொறுக்கியே அலுத்துப்போனார்கள். கடைசியில், விரும்பிச் சேர்ந்த ப்ராஜெக்ட்கள் மட்டும் என்று, தொடங்கிய சில நாளிலேயே டிஜிட்டல் ஓஷன் விதியையே மாற்றியது. அந்தப் பாடம் நம் நாட்டிலிருந்துதான் போனது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெயர் பளிச்சென்று தெரியத்தான் செய்தது, வேலை கொடுக்கிறவன் பார்க்கக் கூடாத இடத்தில்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவியில் ஒரு பிழையைப் பிடியுங்கள். எந்த வெர்ஷன், என்ன செய்தால் வருகிறது என்று ஒழுங்காக எழுதிப் போடுங்கள். தமிழ் தேடலில், வரிசைப்படுத்தலில், பிடிஎஃப்பில் எழுத்து உடைவதில் பிழைகளுக்கா பஞ்சம்? தமிழ் தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிக்கவே முடியும். அது உங்களுக்குக் கூடுதல் வசதி. சென்னையில் பைத்தான் குழு, லினக்ஸ் பயனர் குழு என்று கூட்டங்கள் நடக்கின்றன. போய்ப் பின்வரிசையிலாவது உட்காருங்கள்.

ஒரு கம்பெனியில் இருப்பவரிடம் ரெஃபரல், அதாவது பரிந்துரை, கேட்கும்போது 'சார் ப்ளீஸ் ரெஃபர் மீ' என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்த வேலை, அந்த வேலை அறிவிப்பின் ஐடி நம்பர், நீங்கள் ஏன் பொருத்தம் என்று இரண்டு வரி, ரெஸ்யூமே. போதும்.

இவ்வளவு செய்தால் வேலை நிச்சயமா? இல்லை. மேக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டெவலப்பர்கள் பலரும், மென்பொருள்களை நிறுவ ஹோம்ப்ரூ என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதை உருவாக்கிய மேக்ஸ் ஹொவெல் கூகுள் இன்டர்வியூவில் தேறவில்லை. டேட்டாவை இரண்டிரண்டு கிளையாக அடுக்கும் பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கச் சொன்னார்கள், போர்டில் போடத் தெரியாததால் போய்விட்டது என்று அவரே 2015-இல் ட்விட்டரில் எரிச்சலோடு எழுதினார். கேள்வி நியாயமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது மோசமான வடிகட்டிதான். ஆனால் வடிகட்டி இருக்கிற வரை ட்ரீ, லிங்க்டு லிஸ்ட், ஹாஷ் மேப் எல்லாம் தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை.

அரியர் இருக்கிறவர்களுக்கு என்ன வழி என்று ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. கூட்டமாக ஆள் எடுக்கும் பல கம்பெனிகள் அறுபது சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே முதலில் அந்த பேப்பரை கிளியர் செய்யுங்கள். அதுவரை சும்மா இருக்காமல், மார்க் பார்க்காத சின்ன கம்பெனிகளுக்கு நேரடியாக எழுதுங்கள். ப்ரோக்ராம் எழுதச் சொல்லிப் பார்த்தே முடிவு செய்கிற இடங்கள் சென்னையிலும் கோவையிலும் உண்டு. லிங்க் அனுப்பும்போது அது திறக்கிறதா என்று வேறொரு போனில் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.