ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய காடி வைத்திருப்பவர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், பின்வரிசையில் நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். மோரிஸ் மைனர் என்கிற பழைய காடியை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு குறை சொல்வார்கள்: சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, ஸ்டார்ட்டர் போச்சு, ஈப்போவில் வேறொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் ஸ்டார்ட்டர், அதாவது எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டார், போய்விட்டதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. நல்ல மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யாரோ பெயின்ட் அடித்து வைத்த வேறொரு பழைய மோட்டாரைக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம், அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் அதே குறை. எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த மோட்டார் வீட்டில், சாதாரண ஸ்பானரை வைத்துச் சரிசெய்யக்கூடிய ஒரு பொருள்.

முதலில் செய்ய வேண்டியது இது. ஹெட்லைட்டைப் போடுங்கள், வீட்டில் ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், நீங்கள் முன்னால் நின்று வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது முனையில் பூப்பூத்திருக்கிறது, அல்லது மோட்டார் எங்கோ சிக்கி நிற்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் இருந்து மோட்டாரும் சுற்றவில்லையென்றால் மோட்டார் வழியாகக் கரண்ட் ஓடவே இல்லை, அப்போது சோலனாய்டையும் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) சாவியையும், கடைசியாக மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷையும் சந்தேகப்பட வேண்டும். மோட்டார் விர்ரென்று சுற்றுகிற சத்தம் கேட்டு எஞ்சின் மட்டும் அசையாவிட்டால் அது பெண்டிக்ஸ், அதாவது மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பல்சக்கர ஏற்பாடு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் மீட்டர். இருபது முப்பது வெள்ளிக்கு விற்கிற மல்ட்டிமீட்டர் போதும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும், ஸ்டார்ட் பண்ணும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது என்றால் எர்த்தை, அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன, ரப்பரில் கரண்ட் ஓடாது, ஆகவே கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் பின்னல் பட்டை ஒன்று போகும். தைப்பிங் அளவுக்கு இல்லாவிட்டாலும் நம் ஊரிலும் மழைக்குக் குறைவில்லை, செம்மண் ரோட்டுச் சேறு அடியில் அப்பி, அந்தப் பட்டை பச்சை பிடித்து இற்றுப்போகிறது. அது அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும், சோக் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் போகும். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிள் சுடுகிறது, புகைகிறது என்று யாராவது சொன்னால் ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம், அந்தப் பட்டையை மாற்றுங்கள்.

கணக்காகவும் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 150 ஆம்பியர் ஓடுகிற வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத துரு போதும் அதற்கு. அளப்பதற்கு, பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காது. பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த் வழியில்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மோட்டார்தான் காரணம் என்று தெரிந்தால், தைரியமாகக் கழற்றுங்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் எடு என்று புதுக் காடிக்காரர்கள் சொல்வார்கள். பழைய மோரிஸில் பிளஸ்தான் எர்த். ஆகவே விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்: பாடியோடு சேர்ந்த முனை எதுவோ அதை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்பானர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். காடிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், வீடு கட்ட வைத்திருக்கும் செங்கல்லையும் சிமெண்ட் கல்லையும் வைக்கவே வைக்காதீர்கள், அவை சொல்லாமல் உடையும். ஸ்டாண்ட் வாங்குங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புவது) இருக்கிற பக்கம், அதற்குக் கீழே இருக்கிறது. பிடித்திருப்பது இரண்டே போல்ட். இஞ்ச் அளவு போல்ட், ஜப்பான் காடிக்கு வைத்திருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் தலை உருண்டுவிடும். கை நுழைய இடம் குறைவாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை அடையாளம் போட்டுக்கொண்டு எடுத்துவிடுங்கள், மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம்.

வெளியே எடுத்ததும் பெண்டிக்ஸைப் பாருங்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மோட்டாரின் தண்டு சட்டென்று சுற்றும்போது பல்சக்கரம் தன் எடையால் பின்தங்கி, மரை வழியாக ஓடிப்போய், எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் பல்லில் கோத்துக்கொள்கிறது. எஞ்சின் பிடித்து வேகம் எடுத்ததும் ஃபிளைவீலே அதைப் பின்னால் தள்ளிவிடுகிறது. அந்த மரையில் கிளட்ச் தூசி ஒட்டினால் சக்கரம் நகராது. நம்மவர்கள் உடனே எண்ணெய் விடுவார்கள், அது தவறு, எண்ணெயில் இன்னும் தூசி ஒட்டும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து அப்படியே விடுங்கள்.

சில நேரம் பல் கோத்தபடியே சிக்கிக்கொள்ளும். அதற்கு மோட்டாரைக் கழற்றவே வேண்டியதில்லை. மோட்டாரின் பின்முனையில் சிறு மூடியை எடுத்தால் சதுரமான தண்டு தெரியும், ஸ்பானர் போட்டுத் திருப்பினால் விடுபடும். அல்லது சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டுக் காடியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பிரஷ்ஷை மட்டும் மாற்றலாம். பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள், எமரி வேண்டாம், அதன் துகள் கரண்ட் கடத்தும். செம்புத் துண்டுகளுக்கு இடையில் இருக்கும் மைக்காவை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவில் வெட்டி ஆழப்படுத்துவது மாதிரி இதில் வெட்டக்கூடாது. தண்டைத் தாங்கும் புஷ்ஷிங் ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வெளியே இருக்கும்போதே, அது இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃபிளைவீல் பல்லையும் பாருங்கள். யாரையாவது எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லி முழு வட்டத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாலு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் நிற்கும், தேய்வதும் எதிரெதிரான அந்த இரண்டு இடங்களில்தான். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும்.

ஒரு தம்பி போன வாரம் கேட்டார், அண்ணே, நான் காடியை மைனஸ் எர்த்துக்கு மாற்றிவிட்டேன், ஸ்டார்ட்டர் தலைகீழாகச் சுற்றுமா என்று. சுற்றாது. இந்த மோட்டாரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, காந்தமாக வேலை செய்யும் ஃபீல்டு காயிலும் சுற்றுகிற ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இருக்கின்றன, கரண்ட் திசை மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும், சுற்றும் திசை அதேதான். டைனமோவுக்கும் ரேடியோவுக்கும் இது பொருந்தாது, அவற்றை இன்னொரு நாள் பேசுவோம்.

வேறு மோட்டார் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பல்சக்கரத்தின் பல்லை எண்ணி, பழையதோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். போல்ட் உட்காரும் முகத்தில் பெயின்டும் துருவும் இருந்தால் சுரண்டிவிடுங்கள், மோட்டாருக்கு எர்த் அந்த முகம் வழியாகத்தான். பழையதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், பிரஷ்ஷும் புஷ்ஷும் போட்டு அலமாரியில் வையுங்கள். சரி, இப்போது கேள்விகள் கேளுங்கள்.